மங்கிப்போன எம்.எஸ்சி.

போன வாரம் எங்கள் கடைக்கு மகன் புதுப் பலகை மாட்டினான். உள்ளே விளக்கு எரிகிற ரகம். பழைய தகரப் பலகையைக் காயலான் கடையில் போடப்போகிறேன் என்று தூக்கினான். நான் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறைச் சுவரில் சாய்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துத் தூசியைத் துடைத்தார், அவ்வளவுதான்.

'ஒலியுல்லா தைலக் கடை. உரிமையாளர்: ஓ. தமீம் அன்சாரி, எம்.எஸ்சி.' என்று அதில் எழுதியிருக்கும். கொடைக்கானல் பஜாரில் யூகலிப்டஸ் தைலம் விற்கிற கடைக்கு எதற்கு எம்.எஸ்சி. என்று கேட்பவர்கள் என் மாமனார் ஒலியுல்லாவைப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் மதுரையில் எம்.எஸ்சி. பிசிக்ஸ் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிய அன்றே பெயிண்டரைக் கூப்பிட்டு எழுத வைத்துவிட்டார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பொறுமையெல்லாம் அவருக்கு ஏது?

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பழனியிலிருந்து சரக்கு எடுக்க வந்த என் அத்தா எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார். பத்தாவது படித்த எனக்கு எம்.எஸ்சி. மாப்பிள்ளை! தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். கல்யாணமான முதல் வாரத்திலேயே மனுஷன் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்.

"ஒரு பேப்பர் அரியர் ஆலிமா. ரிசல்ட் வந்தப்ப அத்தா திண்டுக்கல் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. 'பாஸ்தானப்பா?'ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். மறுநாளே மவுத்தாயிட்டாரு. அப்புறம் கடையைப் பாக்கவே நேரம் சரியாப்போச்சு."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வாயைத் திறந்தது.

"அப்ப அந்த எழுத்தை அழிங்க. பொய்யைத் தலைக்கு மேல மாட்டிக்கிட்டு யாவாரம் பண்ணுவாகளா?"

"அத்தா ஆசையா எழுத வச்சது. நான் எப்படி அழிக்க?"

சீசனுக்கு முன்னால், பங்குனி வெயிலில், பஜாரில் ஒவ்வொரு கடைக்காரரும் பலகைக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். எங்கள் பலகைக்கு இவரே ஸ்டூல் போட்டு ஏறுவார். கடைப் பெயர், சொந்தப் பெயர் எல்லாவற்றுக்கும் தூரிகை போகும். எம்.எஸ்சி.யிடம் வந்ததும் நின்றுவிடும். அழிக்கவும் மாட்டார், புதுப்பிக்கவும் மாட்டார். வருஷத்துக்கு வருஷம் மற்ற எழுத்தெல்லாம் பளபளக்க, அது மட்டும் மங்கிக்கொண்டே போனது. சண்டை வந்தால் "அரியர் எம்.எஸ்சி." என்று ஒரு போடு போடுவேன். மனுஷன் வாயே திறக்க மாட்டார். அதற்காகவே போடுவேன்.

அவர் ஐம்பதை நெருங்கியபோது பேப்பரில் ஒரு செய்தி வந்தது. பழைய மாணவர்கள் விட்டுப்போன அரியரை எழுத பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு வாய்ப்பு தருகிறது. இதை விட்டால் இனி இல்லை. பரணில் கிடந்த புத்தகங்கள் கீழே இறங்கின.

அந்தக் குளிர்காலத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் இல்லாத மாதங்கள். சாயங்காலமே பஜார் அடங்கிவிடும். கல்லாவுக்குப் பின்னால் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அவர் படிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புட்டிகளில் தைலம் ஊற்றுவேன். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

"அப்படி என்னதாங்க இருக்கு அதுல?" என்று ஒருநாள் கேட்டேன்.

குவாண்டம் இயற்பியல் என்று ஒன்று இருக்கிறதாம். அணுவுக்குள் இருக்கிற துகள் இங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு, அங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது கணக்குச் சொல்லும். சார்பியல் என்று இன்னொன்று. ஒளியை முந்த எதனாலும் முடியாது, பொருள் ஆற்றலாகும், ஆற்றல் பொருளாகும் என்று அது சொல்லும். தனித்தனியே இரண்டும் சரி. ஒரே சமன்பாட்டில் சேர்த்து உட்கார வைத்தால்தான் வம்பு.

"விடை ரெண்டு வரும். ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். ஆற்றல் எப்படி மைனஸா இருக்கும்? பொருந்தாதுன்னு எழுதி அடிச்சுட்டேன். அங்கதான் பேப்பர் போச்சு."

"நாங்களும் அதானே செய்வோம்? வயசுக் கணக்குல மைனஸ் வந்தா அடிச்சுருன்னுதானே டீச்சர் சொல்லும்."

"அதே பள்ளிக்கூடத்துப் பழக்கந்தான். இங்க அடிச்சா மிச்சக் கணக்கு நிக்காது."

கோளாறு விடையில் இல்லையாம். ஒரே ஒரு துகளின் கதை என்று நினைத்துச் சமன்பாட்டைப் படித்ததில் இருக்கிறதாம். ஆற்றல் போதுமான அளவு இருந்தால் புதிய துகள்கள் பிறக்கும், இருப்பவை மறையும். எண்ணிக்கையே நிலையில்லாதபோது ஒன்றை மட்டும் பிடித்துவைத்து எப்படிக் கணக்குப் போடுவது? அதனால் துகளை விட்டுவிட்டு, எங்கும் பரவிக் கிடக்கிற புலத்திலிருந்து தொடங்கினார்களாம். அதுதான் இவர் கோட்டைவிட்ட பேப்பர், குவாண்டம் புலக் கோட்பாடு.

"நம்ம ஏரியை நெனச்சுக்க. அலை வெளியில இருந்தா வருது? தண்ணிதான் அலையா எந்திரிக்குது. எலக்ட்ரானும் புலத்துல எந்திரிக்கிற அலைதான். இந்தா பக்கத்து ஊரு கவுஞ்சியில இருக்கிற எலக்ட்ரானும் நட்சத்திரத்துல இருக்கிறதும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கே, எதனால? எல்லாம் ஒரே தண்ணி."

"அப்ப அந்த மைனஸு?"

"அது எதிர்த்துகளா வந்து நிக்கிது. அதே எடை, மின்சுமை மட்டும் தலைகீழு. ஆற்றல் பிளஸ்தான். வேண்டாம்னு தள்ளுனதுக்கும் அங்க ஒரு எடம் இருக்கு ஆலிமா."

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். தைலம் விற்கிற முகமே இல்லை அது. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் உண்மையாகப் பெருமைப்பட்டேன். அதற்குப் பிறகு 'அரியர் எம்.எஸ்சி.' என்று என் வாயில் வந்ததே இல்லை.

அந்த வருஷப் பங்குனியிலும் அந்த எழுத்தை அவர் தொடவில்லை. சித்திரையில் பரீட்சை. வெள்ளனே பஸ் ஏறிப் போய்விட்டு இருட்டின பிறகு திரும்பினார்.

"என்னங்க ஆச்சு?"

"அந்தக் கேள்வியே வந்துச்சு. மைனஸ் வந்த எடத்துல கை தானா அடிக்கப் போச்சு. பிடிச்சு நிறுத்திட்டேன்."

ரிசல்ட் ஆடி மாதம் வந்தது. விடாத மழை. செல்போனைப் பார்த்தவர் அதை என்னிடம் நீட்டினார். தேர்ச்சி என்று இருந்தது. நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தி முடிப்பதற்குள் அவர் உள்ளே போய் பெயிண்ட் டப்பாவையும் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பக்கத்துப் பழக்கடை திருமலைச்சாமி அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன பாய், மழையில எவனாச்சும் பெயிண்ட் அடிப்பானா? பங்குனி வரட்டுமே."

"அத்தா கேட்டு ரொம்ப நாளாச்சுண்ணே" என்றார்.

திருமலைச்சாமி அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. குடையை எடுத்துக்கொண்டு போய்ச் சரக்குப் பெட்டிமேல் ஏறி நின்றேன். குடையை அவர் தலைக்குப் பிடிக்காமல் எழுத்துக்குப் பிடித்தேன். அப்படியும் பெயிண்ட் கொஞ்சம் வழிந்தது. அந்தக் கோடு இன்றைக்கும் பலகையில் இருக்கிறது. அவர் தொப்பலாக நனைந்தபடி கடைசிப் புள்ளியை வைத்தார். தூரிகையை எடுக்காமலே மெல்லச் சொன்னார்.

"பாஸ்தான் அத்தா."