சர்ட்டிபிகேட்டில் ஆனி, அசலில் சித்திரை

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் தவறியவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்பது ஒரு காரணம். இந்தக் கதையில் முட்டாளாக வருகிறவன் நான்தான் என்பது இன்னொன்று. ஆனால் மூன்று நான்கு பேருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அடிக்க வருகிறார்கள். வேறு வழியில்லாமல் நோட்டை எடுத்தேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பூக்கடை. கடைக்காரியை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பூ கட்டுவதும் முழம் போடுவதும் என் வேலை. அக்காவுக்குக் கை குட்டை, எனக்கு நீளம். வருகிறவர்கள் எல்லாம் "தம்பி, நீ அளந்து குடு" என்பார்கள்.

"அள்ளிக் குட்றா, அள்ளிக் குடு. அப்பிடியே நீயும் அவுங்க பின்னாலயே போயிடு" என்பாள் அக்கா.

பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை. அதை நடத்துகிறவன் என் கூட்டாளி. அவன் தங்கச்சி டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வரும்போது எங்கள் கடையில் கொஞ்சம் நிற்பாள். பூ மடிக்க நாங்கள் பழைய பேப்பரை எடைக்கு வாங்குவோம். அதில் ஒருநாள் இங்கிலீஷ் புத்தகத்தின் தாள் ஒன்று வந்தது, பக்கம் முழுக்கப் பூப்படம் போட்டிருந்தது. அவள்தான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னாள். வெள்ளைக்காரர்களுக்கு மாதத்துக்கு ஒரு பூவாம். எந்த மாதத்தில் பிறந்தாயோ அந்தப் பூவைப் பிறந்தநாளுக்குக் கொடுப்பார்களாம். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு அர்த்தம் உண்டாம். பன்னிரண்டில் எங்களுக்குத் தெரிந்தது ஜூனுக்கு ரோசா, ஜூலைக்கு அல்லி, நவம்பருக்குச் சாமந்தி. மற்றதெல்லாம் குளிர் தேசத்துச் சமாச்சாரம்.

"இதையே நம்ம மாசத்துக்கு எழுதி மாட்னா யாவாரம் பிச்சிக்கும்" என்றேன்.

"அர்த்தம் யார் எழுதறது?" என்றாள்.

"நாந்தான்."

"வெளங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு பலகைக்குக் கரி பூசி, சாக்பீஸால் எழுதினேன். மார்கழிக்குப் பூசணிப்பூ: விடியலில் அழகு, மத்தியானம் தூங்குமூஞ்சி. கார்த்திகைக்குக் கண்வலிப்பூ: பார்க்கலாம், தொடக்கூடாது. ஆனிக்கு ரோசா: எல்லாருக்கும் பிடிக்கும். அக்கா சித்திரையில் பிறந்தவள். அவளைச் சீண்டுவதற்காகவே சித்திரைக்கு வேப்பம்பூ என்று போட்டு, கீழே "கசப்பு. கூட இருக்கிறவர்கள் பாவம்" என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு ஈரத்துணியால் என் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் அழிக்கவில்லை. பலகையைப் பார்க்க ஆள் நின்றது, அவளுக்கும் அது பிடித்திருந்தது.

வியாபாரத்தில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போவார்கள். எப்போது பிறந்தான் என்று ஹெட்மாஸ்டர் கேட்டால், "கருப்பு மாடு கன்னு போட்ட அன்னிக்கு சார்" என்பார்கள். அவர் ஜூனில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். நானும் அப்படிப் பிறந்தவன்தான். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் ரோசா கேட்டார்கள். "பள்ளிக்கூடத்து மாசமா, பெத்தவ சொன்ன மாசமா?" என்று கேட்டுத்தான் பூவை எடுப்பேன். பெண்டாட்டிக்கு வாங்க வந்த ஒருவர் இரண்டுமே தெரியாமல் விழித்து, பன்னிரண்டிலும் ஒவ்வொன்று கேட்டார். பூசணிப்பூவுக்கு எங்கே போவது? சாமந்தியைக் கொடுத்து அனுப்பினேன்.

சித்திரை விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. என் கூட்டாளியின் தங்கச்சி சித்திரையில் பிறந்தவள். அவள் இரண்டாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அந்தப் பழி அவள் தலையில் ஏறிக்கொண்டது. இரண்டு இடத்துச் சம்பந்தம் பேச்சோடு நின்றது. மூன்றாவதாகக் கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு மேலே கல்வராயன் மலையில், வெள்ளிமலை ரேஷன் கடையில் வேலை. இந்த முறை என் கூட்டாளி பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டைக் காட்டி ஆனி என்று சொல்லிவிட்டான். இதையும் அவர்கள் வரும் நாளையும் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. என் வாயைத் தெரிந்தவன்.

பலகை எழுதும்போது அவளும் சித்திரை என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. அவள் அதைப் படித்தாள். அன்றைக்குக் கடையில் நிற்காமல் வகுப்புக்குப் போனாள். தலைவலி போல என்று நினைத்துக்கொண்டேன்.

இடஒதுக்கீட்டுக்காக அடிக்கடி மறியல் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. புளியமரத்தை வெட்டி ரோட்டில் போட்டால் பஸ் நின்றுவிடும், பஸ் நின்றால் ஊர் நின்றுவிடும். எங்கள் தெருப் பசங்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

"படிச்சவனுக்கு வேலைல எடம் கேக்குறாங்கக்கா. ஒம்போதாவது பெயிலுக்கு எதுல எடம்?" என்றேன்.

"பூக்கூட பக்கத்துல எடம் குடுத்திருக்கேன் இல்ல. மூடிக்கினு கட்டு."

அப்படி ஒரு மறியல் நாளில்தான், பதினோரு மணி வாக்கில், இரண்டு அம்மாக்கள் கடைக்கு வந்தார்கள். முழங்கால் வரைக்கும் புழுதி. ஒருத்தி ஒல்லி, பேசவில்லை. இன்னொருத்தி அவளுடைய தங்கச்சி, இருவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

"பாதி தூரம் மாட்டு வண்டி, பாதி தூரம் நடை. கொண்டாந்த பூவெல்லாம் வாடிப்போச்சி. பூ வைக்கப் போறோம் தம்பி. நாளு தள்ளுனா புரட்டாசி வந்துடும். முல்ல நாலு முழம் குடு."

பெண் தலையில் மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்காக அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள். நான் முல்லையை எடுத்து, வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன்.

"பொண்ணு இன்னா மாசம்மா?"

"ஆனி."

"ஆனின்னா ரோசா. யார் வூட்டுப் பொண்ணு?"

"இதோ, இந்த சைக்கிள் கடக்காரர் தங்கச்சி."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "அதுவா! அது சர்ட்டிபிகேட் ஆனிம்மா. அசல் சித்திரை. எங்கக்காவுக்கும் அதுக்கும் ஒருநாள்தான் வித்தியாசம்."

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளின பிறகுதான் புரிந்தது. கூட வந்த தங்கச்சிக்காரி பலகையைப் பார்த்தாள், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஊருக்கே கேட்கும்படி படித்தாள். வே, வேப், வேப்பம்பூ. கசப்பு. கூட இருக்கிறவர்கள் பாவம்.

"அப்பா இல்லாத பொண்ணு ஆச்சே அது" என்றாள். பிறகு, "எழுந்திரு யக்கா, போலாம்."

ஒல்லியானவள்தான் மாப்பிள்ளையின் அம்மா. அவள் அதற்குள் எங்கள் மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "எதுல போறது?" என்றாள். "பஸ்ஸா ஓடுது? தண்ணி இருந்தா குடும்மா."

அக்கா தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ரோட்டில் படுத்துக் கிடந்த அந்தப் புளியமரத்துக்கு நான் அப்போதும் நன்றி சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். மரம் நின்றிருந்தால் அந்த அம்மாக்கள் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போயிருப்பார்கள்.

நான் ஓடினேன். இரண்டு தெரு தள்ளி வீடு. என் கூட்டாளி வெளுத்த வேட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே சொந்தக்காரர்கள், கேசரி வாசனை. நடந்ததைச் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலாம். அவன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆனின்னு சொல்லியிருந்தண்டா" என்றான். அவ்வளவுதான்.

கதவுக்குப் பின்னால் அவன் தங்கச்சி நின்றுகொண்டிருந்திருக்கிறாள். பட்டுப் புடவையோடு வெளியே வந்தாள், செருப்பை மாட்டினாள். "எங்கடி போற? அவுங்க வந்துதான் உன்னப் பாக்கணும்" என்று அவள் அம்மா கத்தினாள். அவள் திரும்பவில்லை. பூ வைக்க வருகிற மாமியாரைப் பெண் ரோட்டில் போய்ப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவள் முன்னால், நான் பின்னால், என் கூட்டாளி எனக்கும் பின்னால்.

கடைக்கு வந்தபோது பலகை காலியாக இருந்தது. அக்கா பன்னிரண்டு மாதத்தையும் துடைத்து வைத்திருந்தாள். அந்த அம்மாவிடம் அவள் பேசிக்கொண்டிருந்ததில் கடைசி வரிதான் என் காதில் விழுந்தது.

"எங்கப்பன் இன்னிக்கும் மூணு வேள துன்றாரும்மா. நானும் சித்திரதான்."

கூட்டாளியின் தங்கச்சி நேராக அந்த அம்மா முன்னால் போய் நின்றாள்.

"அத்த, நான் சித்திரைல பொறந்தவதான். ஜூன்னு போட்டது வாத்தியாரு. அத வச்சிக்கினு எங்கண்ணன் ஆனின்னு சொல்லிடுச்சி. எனக்கும் தெரியும். நானும் சும்மாதான் இருந்தேன்."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு இன்னா ஒடம்பு?"

"மஞ்சக்காமால."

"எத்தினி நாள் கெடந்தாரு?"

"ஒரு மாசம். கடசில பச்சல மருந்து குடுத்தாங்க, கேக்கல."

"அப்ப காமாலைல போயிருக்காரு" என்றாள் அந்த அம்மா. "உன்னால எங்க போனாரு?"

அந்த அம்மாவின் தங்கச்சிக்காரி குறுக்கே வந்தாள். "யக்கா, ஊர்ல நாலு பேரு—"

"ஊர்ல நாலு பேரா வந்து மலமேல என் புள்ளைக்கு சோறு ஆக்கப்போறாங்க?" பிறகு என் கூட்டாளியைப் பார்த்தாள். "யப்பா, மாசத்துக்கு எனக்குக் கோவம் இல்ல. மறச்சதுக்கு இருக்குது. அது போறதுக்குக் கொஞ்ச நாளாவும்." அடுத்தது நான்.

"டேய், அந்த பலகைல நீதான் எழுதுனியா?"

"ஆமாங்க."

"எத்தினாவது படிச்ச?"

"ஒம்போதாவதுங்க."

"பாஸா?"

"இல்லீங்க."

"அப்ப நீ எழுதுனது எதுவும் செல்லாது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "வாம்மா, வூட்டுக்குப் போலாம். நடுரோட்ல பூ வைக்கிற பழக்கம் எங்கூட்ல இல்ல."

முல்லையை நான் அளந்தேன். வாழ்க்கையில் என் கை அவ்வளவு நீண்டதில்லை. அக்கா தன் பங்குக்கு ஒரு பந்து கனகாம்பரத்தையும் எடுத்து மேலே வைத்தாள். தங்கச்சிக்காரி மட்டும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனாள். தையில் நடந்த கல்யாணத்திலும் அவள் முணுமுணுப்பு நிற்கவில்லை. ஆனாலும் பந்தியில் எனக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றியவள் அவள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்கா என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். பலகையைக் கையில் கொடுத்து, "இனிமே வெல மட்டும் எழுது" என்றாள். பிறந்தநாளுக்குப் பூ கேட்டு இப்போதும் வருகிறார்கள். எந்த மாதம் என்று நான் கேட்பதில்லை, அவர்களுக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று மட்டும் கேட்கிறேன். கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

போன சித்திரையில் என் கூட்டாளி வெள்ளிமலைக்குக் கிளம்பினான். தங்கச்சியின் பிறந்தநாளாம். அவள் பிறந்த வீட்டில் அந்த நாளை யாரும் வாயால் சொன்னதுகூடக் கிடையாது. இந்த முறை மலைக்கு வந்திருந்த மாமியாரே சொல்லி அனுப்பியிருந்தாள். நானும் தொற்றிக்கொண்டேன். சித்திரையில் மல்லி கொட்டும். குண்டு மல்லியாகப் பொறுக்கி, விடியலில் கட்டி, வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு நான் சாய்ந்தேன், பூவைச் சாயவிடவில்லை. கண்டக்டர், "கொழந்தையா அது?" என்று கேட்டார்.

அவள் இலையைப் பிரித்துப் பார்த்தாள். "இதுக்கு இன்னா அர்த்தம்?" என்றாள்.

"வாசனையா இருக்கும். வச்சிக்க."

சிரித்துவிட்டுப் பாதியைக் கிள்ளி மாமியார் கொண்டையில் வைத்தாள். மாமியார் எனக்குப் பலாச்சுளை கொடுத்தாள். "இவன் வாய்ல எதனா இருந்தாத்தான் ஊருக்கு நல்லது" என்றாள். சுளை தீரும்போதெல்லாம் தட்டில் இன்னொன்றைப் போட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டாளியும் நானும் கடைசி சீட்டில் இருந்தோம். அன்றைக்கு வாசல்படியில் உட்கார்ந்தவன், அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"டேய், அன்னிக்கு நான் ஒளறனதுக்கு இன்னும் எம்மேல கோவமாடா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா, எந்தங்கச்சி சாவுற வரைக்கும் ஆனியாவே இருந்திருக்கணும்டா."