நவம்பருக்குப் பிறகு வந்த பிப்ரவரி

கல்லூரியில் என் அண்ணனுக்கு ‘ரிட்டு’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. பழைய இங்கிலாந்தில் ஒருவன் வழக்குப் போடவேண்டுமென்றால், தன் குறைக்குப் பொருந்துகிற ரிட் என்கிற ஆணை ஒன்றை முதலில் அரசரின் அலுவலகத்தில் வாங்கவேண்டும். பொருந்துகிற ரிட் இல்லையென்றால் அவனுக்கு வழக்கே இல்லை. வருடா வருடம் முதல் வகுப்பில் இதைச் சொல்வார். மாணவர்களுக்கு அது ஒன்றுதான் மனதில் நிற்கும். மாலைக் கல்லூரி அது. பகலெல்லாம் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். அவர்கள் முன்னால் நின்று முப்பது வருடமாக இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தார்.

வக்கீலாகத்தான் ஆரம்பித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வதில் நியாயம் தெரிந்தால் இவர் தலையை ஆட்டிவிடுவார். இப்படி ஒருவரை யார் வக்கீலாக வைத்துக்கொள்வார்கள்? மூன்றாவது கட்சிக்காரரும் வழக்குக் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன மறுவாரம் கல்லூரியில் சேர்ந்தார். அவர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, நான்தான் வருத்தப்பட்டேன். நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். மனுவும் பிரமாணப் பத்திரமும் அடித்து, அச்செடுத்து, பைண்டு போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அண்ணன் பெரிய வக்கீலானால் கடைக்குக் கூட்டம் வரும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

கூட்டம் வரவில்லை, அண்ணனின் ஆராய்ச்சி வந்தது. நாற்பத்தாறு வயதில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் கடைக்கு வந்து, கையால் எழுதிய தாள்களைக் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பார். மருந்துச் சீட்டு எழுதுகிறவர்களே தோற்றுப்போகிற கையெழுத்து. ஒரு வாக்கியம் ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில்தான் மூச்சு விடும். “உன் முற்றுப்புள்ளி எல்லாம் எங்கேயாவது அடகுல இருக்கா?” என்று கேட்பேன். சிரிப்பார், ஆனால் ஒரு புள்ளிகூடக் கூடுதலாக வைக்கமாட்டார். அந்த ஆய்வை முதலிலிருந்து கடைசிவரை மூன்று தடவை அடித்திருக்கிறேன்.

அவர் பிடித்துக்கொண்டது நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நீதிமன்றக் குமாஸ்தாவின் குறிப்பேடு. யாரோ ஒரு புண்ணியவான் அதை ஏடு ஏடாகப் படம்பிடித்து வைத்திருந்தார். அதில் இரண்டு வழக்குகள். ஓடையின் மேல்பக்கம் இருக்கிறவன் தண்ணீரை மறித்தால் கீழே இருக்கிறவனுக்கு என்ன உரிமை என்பதுதான் இரண்டிலும் கேள்வி. 1622 பிப்ரவரியில் ஓர் ஆலைக்காரனுக்காகப் பெரிய வக்கீல் ஒருவர் வாதாடி ஒரு விதியை நிலைநாட்டினார். அதே வருடம் நவம்பரில் ஒரு விதவை, வக்கீல் இல்லாமல், அந்த விதியை வைத்துத் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் வாங்கினாள். படித்தவர்கள் உண்டாக்கிய சட்டம் மெல்ல இறங்கி வந்து எளியவர்களுக்கும் கை கொடுத்தது என்பதுதான் அண்ணனின் வாதம். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதுதான், மற்ற அத்தியாயங்களும் அதன்மேல்தான் நின்றன. எனக்கு அந்த விதவையைப் பிடிக்கும். ஆலைக்காரன் வருகிற பக்கங்களை வேகவேகமாக அடித்துத் தள்ளிவிட்டு அவள் வருகிற இடத்தில் நிதானமாகிவிடுவேன்.

பட்டம் வெறும் அலங்காரத்துக்கு இல்லை. மார்ச்சில் அண்ணனுக்கு ஓய்வு. அதற்குள் டாக்டராகிவிட்டால் இன்னும் மூன்று வருடம் நடத்தலாம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. இல்லையென்றால் அவரோடு பாடத்தையும் எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அதை நடத்த வேறு ஆள் இல்லை. வகுப்பில்லாத மாலைப்பொழுதை அவர் என்ன செய்வார் என்று அண்ணிக்குக் கவலை. அண்ணி பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ், எதற்கும் அசராதவர். அவரே என்னிடம் இரண்டு தடவை இதைப் பற்றிப் பேசிவிட்டார்.

மூன்று பரிசோதகர்களின் அறிக்கையும் நல்லபடியாக வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. திங்கட்கிழமை அண்ணன் வழக்கத்துக்கு மாறாகக் கடைக்கு வந்தார். ஆய்வில் எடுத்துக்காட்டிய ஏடுகளையெல்லாம் எண் வரிசைப்படி ஒரு பட்டியலாக அடித்துத் தரச் சொன்னார், தேர்வில் யாராவது கேட்டால் உடனே புரட்டிக் காட்டலாமாம். இதற்கு முன் எல்லாவற்றையும் தேதி வரிசையில்தான் அடித்திருந்தேன். ஏடு எண், வழக்கு, தேதி என்று மூன்று கட்டம் போட்டு அடித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினேன்.

“அண்ணா, அந்தக் குமாஸ்தா நோட்டுல வரிசையா எழுதிட்டு வந்தாரா, இல்ல கைக்கு வந்த பக்கத்துல எழுதினாரா?”

வரிசையாகத்தான், ஒரு பக்கம்கூட விடாத மனிதர் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

“அப்படின்னா விதவை கேஸு முப்பத்தோராவது ஏடு, நவம்பர். ஆலைக்காரன் கேஸு எழுபத்துநாலாவது ஏடு, பிப்ரவரி. ரெண்டுக்கும் ஒரே வருஷம் போட்டிருக்கே. பிப்ரவரி எப்படி நவம்பருக்குப் பின்னாடி வரும்?”

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். பட்டியலை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சட்டக் கணக்கில் புது வருடம் ஜனவரியில் பிறக்காது, மார்ச் இருபத்தைந்தாம் தேதிதான் பிறக்கும். அதனால் 1622 நவம்பருக்கு அடுத்து வருகிற பிப்ரவரியையும் அவர்கள் 1622 என்றே எழுதுவார்கள். நம் கணக்குக்கு அது 1623. அண்ணனுக்கு இது தெரியாததில்லை. வருடா வருடம் இரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் வட்டம் போட்டு நடத்துகிற பாடம். ஆனால் தேதிகளை அவர் எடுத்தது குறிப்பேட்டோடு வந்த பட்டியலிலிருந்து. பட்டியல் போட்டவர் நம் கணக்குக்கு மாற்றித்தான் போட்டிருப்பார் என்று முதல் வருடம் நினைத்துக்கொண்டார். பட்டியல்காரர் எதையும் மாற்றவில்லை, இருந்ததை அப்படியே இறக்கிவைத்திருந்தார். பதினோரு வருடத்தில், அது வெறும் ஊகம் என்பதே அண்ணனுக்கு மறந்துபோயிருந்தது.

ஆக, முதலில் வந்தவள் விதவை. பெரிய வக்கீல்தான் மூன்று மாதம் கழித்து அவள் சொன்னதை எடுத்துத் தன் கட்சிக்காரனுக்குப் பேசியிருக்கிறார்.

அண்ணன் அங்கேயே தன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஃபோன் போட்டார். இப்போது வாயைத் திறக்காதீர்கள், பட்டத்தை வாங்கிக்கொண்டு பிறகு தனியாக ஒரு கட்டுரை எழுதிச் சரிசெய்துகொள்ளலாம் என்று அவர் சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, சொன்னேன். மூன்று பரிசோதகர் கண்ணில் படாதது வெள்ளிக்கிழமையா படப்போகிறது என்று கேட்டேன். அண்ணன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணியிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “உங்க அண்ணன் கோர்ட்டுலயே தலையாட்டின ஆளு, இங்க மட்டும் ஆட்டாம இருப்பாரா?” என்றார்.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீளமான மேசை, தண்ணீர் பாட்டில்கள், முனகிக்கொண்டே ஓடும் ஏசி. பரிசோதகர்களின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். அண்ணன் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, என் ஐந்தாம் அத்தியாயம் தவறு என்று ஆரம்பித்தார். இரண்டு ஏடுகளையும் திரையில் காட்டினார். வகுப்பில் பேசுகிற அதே மெல்லிய குரல், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வழிகாட்டி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

நீதிபதி தன் முன்னால் இருந்த பிரதியை வெகுநேரம் புரட்டினார். பிறகு கேட்டார்: “இதை நீங்களே கவனிச்சீங்களா?”

“இல்லைங்க. என் தங்கச்சி கவனிச்சா. அதோ, பின்னாடி உட்கார்ந்திருக்கா.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சத்தில் உடம்பே குறுகிவிட்டது.

முடிவு சொல்ல அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். மனதாரப் பாராட்டினார்கள், அதில் குறையில்லை. ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தையும் அதைச் சார்ந்த இடங்களையும் திருத்தி ஒரு வருடத்துக்குள் மறுபடி கொடுக்கவேண்டும் என்றார்கள். எவ்வளவு வேகமாகத் திருத்தினாலும், மறுபடி பரிசோதகர்களிடம் போய் வருவதற்குள் மார்ச் தாண்டிவிடும். மாலைக் கல்லூரியில் அந்தப் பாடம் அதோடு முடிந்தது. வெளியே வந்து படியில் நின்று அண்ணன் பக்கத்து வகுப்பறையின் கரும்பலகையைக் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் சனிக்கிழமை. வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். நேரத்துக்கு வந்து, பைண்டு போட்ட பிரதியை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

“நான் வாயை மூடிட்டு அடிச்சுக் கொடுத்திருந்தா உனக்கு இந்த நிலைமை வந்திருக்காதுண்ணா. மூணு வருஷத்தை நான்தான் பறிச்சிட்டேன்.”

அண்ணன் டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

“வழிகாட்டி பதினோரு வருஷம் கையெழுத்துப் போட்டார். பரிசோதகர் மூணு பேரும் படிச்சோம்னு எழுதிக் கொடுத்தாங்க. முப்பது வருஷமா நானும் வகுப்புல பேசிட்டிருக்கேன். நான் எழுதினதை நிஜமாவே படிச்சது நீ ஒருத்திதான்.”

நான் செய்தது தட்டச்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று, எதையோ தேடுகிறவள் மாதிரிப் பாவனை செய்து, அழுது முடித்துவிட்டு வந்தேன். அண்ணன் அதற்குள் பைண்டைத் தானே பிரிக்கப் பார்த்து அட்டையைக் கிழித்து வைத்திருந்தார். கத்தியை அவர் கையிலிருந்து பிடுங்கி, நூலை அறுத்து, ஐந்தாம் அத்தியாயத்தைத் தனியே எடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டேன். அந்த விதவை அம்மாவிடமிருந்து என்றார்.