கரியாலூரில் எட்டாவது ஆள்

மாட்டுப் பொங்கல், காலை 10.20, கள்ளக்குறிச்சி

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போவார்கள். நான் ஊரைவிட்டு ஓடுவேன். பாளையங்கோட்டையில் என் வீட்டில் நான்கு நாளும் விருந்தாளிகள், அடுப்படியில் நான் ஒருத்தி. பதினெட்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது ஐந்து வருஷமாகப் பெரும்பொங்கலன்று பானையை இறக்கி, எல்லோருக்கும் பரிமாறி முடித்ததும் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஓர் அருவி என்பது என் திட்டம். இந்த முறை கல்வராயன் மலையில் உள்ள பெரியார் அருவி. சென்னைப் பேருந்தில் ஏறி, விடியற்காலையில் உளுந்தூர்பேட்டையில் இறங்கி, வேறு வண்டி பிடித்துக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதி, நாள் வாடகை எழுநூறு ரூபாய். குழாயில் தண்ணீர் வந்தது. எனக்கு அது போதும்.

கடைத்தெருவில் முந்தாநாள் வரை கழி நாற்பது ரூபாய்க்கு விற்ற கரும்பு அன்று பத்து ரூபாய்க்கு வந்திருந்தது. விற்பவர் கட்டின் மேலேயே உட்கார்ந்து ஒரு கழியைக் கடித்துக்கொண்டிருந்தார். கூட்டமெல்லாம் கயிற்றுக் கடையில்தான். மூக்கணாங்கயிறு, கழுத்துச் சலங்கை, நெற்றிக்குக் கட்டும் சோழி மாலை என்று ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். சலங்கை ஜோடி நூற்று இருபது. பக்கத்துக் கடையில் கொம்புக்கு அடிக்கும் பெயிண்ட், சின்ன டப்பா அறுபது. தெருவில் நின்ற டிராக்டருக்கும் மாலை போட்டு, பொட்டு வைத்து, முன்னால் தேங்காய் உடைத்தார்கள். கொம்பு மட்டும் இருந்திருந்தால் அதற்கும் நீலம் அடித்திருப்பார்கள்.

மாலை நான்கு மணிக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றின் கொம்பு மஞ்சள், ஒன்றின் கொம்பு பச்சை, ஒரு கிடாரிக்கு மட்டும் ஒரு கொம்பு சிவப்பு, மறு கொம்பு வெறுமை. "பெயிண்ட் தீந்துபோச்சிங்க" என்று ஓட்டிவந்தவர் நான் கேட்காமலே சொன்னார். ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

காணும் பொங்கல், காலை 6.50

கரியாலூர் வண்டியில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகப் பையை வீசினேன். அந்தக் கலையில் திருநெல்வேலிக்காரர்களை அடிக்க ஆளில்லை. டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் தூரம், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும் என்றார் கண்டக்டர். அருவிக்குப் போகும் குடும்பங்கள் புளிச்சோற்று வாளியும் தண்ணீர்க் குடமுமாக ஏறிக்கொண்டிருந்தன. கடைசியாக ஒரே கிளிப்பச்சை நிறத்தில் சேலை கட்டிய ஏழு பெண்கள் ஏறினார்கள். அதில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி நேராக என்னிடம் வந்து இடுப்பால் ஒரு இடி இடித்தாள்.

"கொஞ்சம் நவுந்து குந்துங்கக்கா. மூணு பேரு சீட்டு இது."

"நானே ரெண்டு பேரு அளவுக்கு இருக்கேம்லா. எங்க நகர?"

அவள் சிரிக்கவில்லை. சந்தையில் மாடு பார்ப்பவரைப் போல என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்தாள்.

"எத்தினி கிலோ இருப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எழுபத்தெட்டு. ஏன், எடைக்கு எடை வெல்லம் தரப் போறீயளா?"

"இல்லக்கா. எங்களுக்கு ஒரு ஆளு கம்மி" என்றாள்.

அவள் பெயர் அஞ்சலை. ஏழு பேரும் மணலூர்பேட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்து நடவு ஆட்கள். விடியுமுன் கிளம்பி, சங்கராபுரத்தில் வண்டி மாறி வந்திருக்கிறார்கள். கரியாலூரில் காணும் பொங்கலுக்கு ஊர் இளைஞர்கள் விளையாட்டுப் போட்டி நடத்துவார்கள். அதில் பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டிக்கு அணிக்கு எட்டுப் பேர். எட்டாவது ஆளான செல்வி வரவில்லை.

"அவ ஏன் வரல?"

அஞ்சலை போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். போன வருஷத்து இறுதிப் போட்டி. இந்தப் பெண்கள் ஜெயிக்கும் நேரம். எதிரணியில் ஒருத்தி வழுக்கிக் குப்புற விழுகிறாள். உடனே இந்தப் பக்கம் முன்னால் நின்ற ஒருத்தி கயிற்றை விட்டுவிட்டு அவளைத் தூக்க ஓடுகிறாள். அவளைப் பார்த்து மற்ற ஏழு பேர் கைகளும் தளர்கின்றன. எதிரணி ஒரே இழுப்பில் ஜெயிக்கிறது. யாரோ இதற்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள்.

"அது செல்விங்க. நடவுல ஒருத்தி உழுந்தா நாத்த போட்டுட்டு தூக்குவோம். சேத்துல மூஞ்சி குத்திக்கினா மூச்சி முட்டிடும் இல்ல? கை தானா உட்டுடுச்சி. எங்க நடவுக்குப் போனாலும் வரப்புல நின்னுக்கினு இத போட்டுக் காட்டறானுங்க. 'கயிறு உட்டவ'ன்னு பேரே வெச்சிட்டானுங்க. ரெண்டு மாசம் தாங்கனா. அப்பால வேலைக்கே வரல. வூட்ட வுட்டே வெளிய வர மாட்டேன்றா. இருபது வருசமா என் பக்கத்துல நட்டவ." போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னிக்கி ஜெயிச்சாதான் நான் போயி அவள கூப்பிட முடியும். இல்லன்னா இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு கூப்பிடறது?"

நான் அருவி பார்க்க வந்தவள், கயிறு இழுத்துப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையின் நீர் தெரிந்து மறைந்து, மலைப்பாதை தொடங்கியது. வளைவுக்கு வளைவு அஞ்சலையின் தோள் என் மீது சாய்ந்தது. அவள் மறுபடி என்னைக் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

காலை 8.40, கரியாலூர்

காற்றில் குளிர் இருந்தது. சாலையோரத்தில் மலைத்தேன் பாட்டில் நானூறு ரூபாய், வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு தட்டு இருபது. மைதானத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பெயர் எழுதும் மேசையில் இருந்தவர் தலையை எண்ணினார்.

"ஏழு பேருதான் கீறீங்க. எட்டு இல்லன்னா ஆட முடியாதும்மா."

மைக் பிடித்தவர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். "போன வருசம் கயிறு உட்ட டீமு மறுபடியும் வந்திருக்காங்க! பலமா கை தட்டுங்க!"

கை தட்டினார்கள், விசிலும் அடித்தார்கள். அந்த ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. பையை மேசை மேல் வைத்து, "எட்டாவது ஆளு நான்தான், எழுதுங்க" என்றேன். எழுதியவர் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்கவில்லை.

வேப்பமரத்தடியில் எனக்குப் பத்து நிமிஷப் பயிற்சி. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சி இழுத்துச் செருகிவிட்டாள் மேரி என்ற ஒல்லியான பெண். கயிற்றின் நுனியை என் இடுப்பில் சுற்றி, கடைசி ஆளாக நிற்க வைத்தார்கள்.

"இழுக்கணும்னு நெனைக்காதீங்க" என்றாள் அஞ்சலை. "நாங்க நாளு பூரா பின்னாலயே நடக்கறவளுங்க. நட்டுக்கினே பின்னால போவோம் இல்ல, அத மாரிதான். நான் 'ஊனு'ன்னா குதிகால குத்தி நில்லுங்க. 'நவுரு'ன்னா ஒரே ஒரு எட்டு பின்னால வைங்க."

"பின்னால என்ன இருக்குன்னு தெரிய வேண்டாமா?"

"திரும்பிப் பாக்காதீங்க. வரப்பு வந்தா குதிகாலு சொல்லும்."

காலை 11.15

முதல் ஆட்டம் சேலத்திலிருந்து சுற்றுலா வந்த ஓர் அணியுடன். அவர்கள் செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் ஜெயித்துவிட்டோம். இறுதியில் போன வருஷம் ஜெயித்த அதே மலைக்கார அணி. தலைவி பெயர் குப்பம்மா. தலைச்சுமையோடு செங்குத்தான பாதையில் ஏறி இறங்கிப் பழகியவர்கள், ஒவ்வொருத்தி கெண்டைக்காலும் உரல் போல இருந்தது. மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். கோலமாவால் கோடு போட்டு, கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.

முதல் சுற்றில் நடந்ததை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. சிவப்புத் துணி எங்கள் பக்கம் ஒரு முழம் வந்துவிட்டது. அப்போது எதிரே ஒருத்தி முட்டி மடங்கிச் சரிந்தாள். அவ்வளவுதான், என் முன்னால் இருந்த ஏழு பேர் முதுகும் ஒரே நேரத்தில் தளர்ந்தன. அடுத்த நொடி நான் கயிற்றோடு நான்கடி முன்னால் பறந்து மேரியின் மேல் விழுந்தேன். மைதானம் குலுங்கிச் சிரித்தது. நூறு போன்கள் மேலே உயர்ந்திருந்தன.

"மறுபடியுமா!" என்று கத்தினேன். என் குரலில் எனக்கே பயம் வந்தது. அஞ்சலை உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "கை தூக்கத்தான் போவும். அத மாத்த முடியாது. ஆனா இன்னிக்கி கோட்ட தாண்டிட்டு தூக்குவோம். தூக்கறது கண்டிப்பா தூக்கறோம். புரியுதா?"

இரண்டாவது சுற்றில் அவள் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஊனு. நவுரு. ஊனு. நவுரு. எட்டு ஜோடிக் குதிகால்கள் ஒன்றாகத் தரையில் இறங்கின. எதிரணிக்கு எங்களைவிட வலு அதிகம். ஆனால் அவர்கள் முன்னால் ஏறிப் பழகியவர்கள், பின்னால் நடப்பது அவர்களுக்குப் புதுசு. நாங்கள் ஒரு எட்டுக்கு மேல் ஆசைப்படவே இல்லை. விசில் ஊதியபோது சிவப்புத் துணி எங்கள் கோட்டைத் தாண்டியிருந்தது. உயர்ந்திருந்த போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

மூன்றாவது சுற்று நீண்டது. கயிறு இப்படியும் போகவில்லை, அப்படியும் போகவில்லை. என் இடுப்பில் தோல் உரிவது தெரிந்தது. எங்கள் பக்கம் துணி மெல்ல மெல்ல வந்து, கோட்டுக்கு மூன்று எட்டு இருக்கும்போது, குப்பம்மா கால் வழுக்கித் தடாலென்று விழுந்தாள்.

என் முன்னால் ஏழு முதுகுகளும் நடுங்கின. பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். மேரியின் வலது கை கயிற்றிலிருந்து பாதி பிரிந்துவிட்டது.

"ஊனு!" என்று அஞ்சலை கத்தினாள். அழுதுகொண்டே கத்தினாள். "நட்டுட்டு தூக்கலாம்டீ! நவுரு!"

மேரியின் கை மறுபடி கயிற்றைப் பிடித்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது எட்டில் என் குதிகால் ஏதோ மேட்டில் இடித்தது, நான் மல்லாந்து விழுந்தேன், விசில் ஊதியது. ஜெயித்துவிட்டோம்! வானத்தைப் பார்த்துப் படுத்தபடி நான் குலவையிட்டேன். ஐம்பது வயதில் அப்படி ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது.

எழுந்து பார்த்தால் என் அணியில் ஒருத்தியும் இல்லை. ஏழு பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடி, குப்பம்மாவைச் சூழ்ந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முட்டியைத் துடைத்தாள், ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள்.

"ஜெயிச்சிட்டு ஆடாம இங்க வந்து என் இடுப்ப புடிச்சிக்கினு நிக்கிறீங்களே, போயி ஆடுங்கடீ" என்று குப்பம்மா அவர்களை விரட்டினாள். பிறகு அவளே அஞ்சலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவில் வந்து ஆடினாள். பதினாறு பெண்கள், அங்கே அடித்த பறைக்கு ஈடுகொடுத்து, மதியச் சாப்பாட்டு நேரம் வரை ஆடினோம். மைக் பிடித்தவர் எட்டுப் பேர் பெயரையும் ஒன்றொன்றாகப் படித்தார். பரிசு ஒரு எவர்சில்வர் அண்டா. அதற்குள் பொரியும் வாழைப்பழமும் போட்டுக் கொடுத்தார்கள்.

மாலை 4.30

திரும்பும் வண்டியில் கூட்டம் நெரிந்தது. அண்டாவை டிரைவர் தன் பக்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டார். பெரியார் அருவியை நான் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் காணும் பொங்கலுக்கு ஆற்றங்கரைக்குப் போவோம். ஆண்கள் படுத்துக் கதை பேசுவார்கள். பெண்கள் சோறு கட்டிக்கொண்டு போய், பரிமாறி, பாத்திரம் கழுவி, வீட்டுக்கு வந்து இடுப்பு வலி என்று படுப்போம். அன்றும் எனக்கு இடுப்பு வலிதான். ஆனால் இந்த வலியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அணை தாண்டியதும் அஞ்சலை போனை எடுத்தாள். செல்விக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். நான்கு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"செல்வி, ஜெயிச்சிட்டோம்டீ."

அஞ்சலை போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். "கேக்குதா? ஜெயிச்சிட்டோம். குப்பம்மா உழுந்தா, நாங்க உடல."

ஒரு மெல்லிய குரல் கேட்டது. "உழுந்தவள தூக்கனீங்களா?"

"தூக்கனோம். எல்லாரும் ஓடிப்போயி தூக்கனோம்."

"அடி கிடி பட்டுச்சா?"

"முட்டிதான் செராய்ச்சிக்கினா. நல்லா இருக்கா. எங்கூட ஆடனா."

வண்டி கச்சிராயபாளையத்தில் நின்று, ஆட்களை இறக்கி, கிளம்பியது. ஏழு பேரும் அந்தச் சின்னப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன்.

"நாளைக்கு நடவு இருக்குதா?" என்றாள் செல்வி.

"இருக்கு."

"எத்தினி மணிக்குக் கெளம்பறீங்க?"

போனில் தெரியாது என்பதை மறந்து அஞ்சலை ஐந்து விரலை விரித்துக் காட்டினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனை மேரி பக்கம் நீட்டினாள். மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை என் பக்கம் தள்ளினாள். கடைசியில் நான்தான் அந்தப் போனை வாங்கி, முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம், பேருந்து முழுவதற்கும் கேட்கிற குரலில் சொன்னேன்: "அஞ்சு மணிக்கும்மா. சோறு கட்டிட்டு வந்துரு."