மோரிப் சேற்றில் எங்கள் வேன்

கடல் உள்வாங்கியதும் மோரிப் கரையில் கருவாடும் துருப்பிடித்த இரும்பும் கலந்ததுபோல ஒரு வாடை எழும்; வற்றுநீருக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பெயரையே ஒட்டவைத்து, அதைச் "சூருட் வாடை" என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்திங்கிலிருந்து அப்பா எங்களை அங்கே கூட்டிப்போவார். கேரி தீவுத் தோட்டத்தில் செம்பனைக்குலை ஏற்றும் "லோரி" ஓட்டியவர் அவர். கடலைக் கண்டதும் ஒரே கதையைத்தான் சொல்வார், ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்டவர்போல அவரே சிரிப்பார்.

"வெள்ளைக்காரன் கப்பல் கப்பலா வந்து இங்கதான் இறங்கினான். ஜப்பான்காரன் சரண்டர் ஆயி மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, சண்டை போட ஆளே இல்ல. அப்படியும் வண்டியெல்லாம் சேத்துல மாட்டிக்கிச்சு."

முடிந்துபோன போருக்கு எதற்காகப் படை வர வேண்டும் என்று பத்து வயதில் எனக்கு மண்டை குடைந்தது. கேட்டால், "பந்தலுக்குச் சொல்லியாச்சு, கல்யாணம் நின்னாலும் பந்தல்காரன் வருவான்தானே," என்பார்.

அந்த ஆண்டு அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டுப் பழைய வேன் ஒன்றை வாங்கினார். திங்கட்கிழமை முதல் பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போவதாக வாக்கும் கொடுத்திருந்தார். முந்தின நாள், கண்ணேறு கழியச் சக்கரத்தில் கடல்தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று அம்மா வாளியோடு புறப்பட, கடலோ எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது. "அவ்வளவு தூரம் யாரு தூக்குவா? வண்டியையே கொண்டுபோறேன் லா," என்று அப்பா வேனை மணலில் இறக்கினார்.

பாதி வழியில் பின்சக்கரங்கள் புதைந்தன. மலாய் மீனவர் ஒருவர் பலகைகளைக் கொண்டுவந்து போட்டார், சுற்றுலா வந்தவர்களும் கைகொடுத்தார்கள். "வெள்ளைக்காரனுக்காச்சும் இந்த மண்ணு தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மாவும் தள்ளினார். அதற்குள் கடல் திரும்பிவிட்டது. இருக்கைவரை ஏறிய உப்புத்தண்ணீரை அழுதுகொண்டே பார்த்து நின்றேன். மறுநாள் டிராக்டர் வைத்து இழுத்தும் எஞ்சின் பிழைக்கவில்லை. அப்பா மறுபடி தோட்டத்து லோரிக்கே போனார், அந்தக் கதையை அதற்குப் பிறகு சொல்லவே இல்லை.

இப்போது அங்கே கரையோரம் நடைபாதை வந்துவிட்டது, நாங்கள் வேனை இறக்கிய வழி இல்லை. அப்பா சுபாங் ஜெயாவில் என்னோடு இருக்கிறார். அண்மையில் அந்தப் படையிறக்கத்தைப் பற்றிப் படித்தேன்: வந்து இறங்கியவர்களில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள், மணல் வண்டியைத் தாங்கும் என்று நம்பி இறங்கியிருக்கிறார்கள், எதிரி மட்டும் இருந்திருந்தால் பேரழிவுதான். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டவர், "மாட்டினதுக்கு யாரையாச்சும் திட்டினாங்களா?" என்றார்.

"தெரியலப்பா. சண்டைதான் முடிஞ்சுபோச்சே."

"அவங்களுக்கு முடிஞ்சுபோச்சு. நான்தான் மறுநாள் காலையில பன்னண்டு வீட்டு வாசல்ல போயி நின்னேன்."