ஆஸ்பத்திரி வாசல் சிலை

என் அக்கா புருஷனுக்கு எங்கள் தெருவில் சிங்கக்காரர் என்று பெயர். வசதியான வீடுகளின் வாசல் தூண்மேல் சிமெண்டுச் சிங்கம் உட்கார்ந்திருக்குமே, அது அத்தானின் கைவேலை. சிங்கம் பிடிக்காதவர்களுக்கு யானை, பூந்தொட்டி, தண்ணீர் துப்பும் மீன். சிற்பம் படித்த மனிதர் வயிற்றுப்பாட்டுக்காக மீனைத் துப்ப வைத்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே இதைச் சொன்னாலும் அவருக்குக் கோபம் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. வாடிக்கையாளர் வந்து சிங்கத்தின் வாலை இந்தப் பக்கம் வை என்றால் இந்தப் பக்கம் வைப்பார், மறுநாள் வந்து அந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம் வைப்பார்.

அக்காவுக்கு ஒரே ஒரு குழந்தைதான் பிறந்தது. பெண் குழந்தை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்து, அக்காவுக்கு மயக்கம் தெளிவதற்குள் இறந்தும் போனது. பெற்றவள் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லியிருக்கிறான். அத்தான் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். யார் சாடை, மூக்கு எப்படி, தலையில் முடி இருந்ததா. அக்கம்பக்கத்தில் யாருக்காவது குழந்தை பிறந்துவிட்டால் போதும், மறுபடி ஆரம்பித்துவிடுவாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குடி முழுகிப் போய்விடும்?

இப்படியே தலை நரைத்துப்போன காலத்தில், இனிமேல் கட்டுகிற பொதுக் கட்டடம் எல்லாவற்றிலும் ஒரு கலைப்படைப்பு இருக்க வேண்டும் என்று நகராட்சியில் தீர்மானம் போட்டார்கள். முதல் கட்டடம் அதே ஆஸ்பத்திரியின் புதுப் பிரசவப் பிரிவு. வாசல் முகப்புக்கு மேலே தாயும் சேயுமாக ஒரு சிலை வைக்க வேண்டும், விருப்பமுள்ளவர்கள் சிறிய மாதிரி செய்து கொடுக்கலாம் என்றார்கள். அத்தானும் கொடுத்தார். எந்தச் சாமி கண் திறந்ததோ, அவருடையதையே தேர்ந்தெடுத்தார்கள்.

அன்றைக்கு அந்த மனிதர் தானாக வாயைத் திறந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள், நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அவ முகம் எப்படின்னு கேட்டுட்டே இருந்தியே. எனக்குச் சொல்ல வரல. செஞ்சு காட்டறேன்."

அக்கா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். பட்டறைக்கு வந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். அரைகுறை வேலையை வீட்டாருக்குக் காட்டும் வழக்கம் அவருக்குக் கிடையாது, மேலே ஏற்றிய பிறகு பார் என்று சொல்லிவிட்டார். சரி என்றாள். இத்தனை வருஷம் பொறுத்தவள் கொஞ்ச நாள் பொறுக்க மாட்டாளா? அந்த நாட்களில் அவள் அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

பட்டறையில் நடந்ததை அத்தானோடு வேலை பார்த்த கொத்தனார் பின்னால் சொன்னார். களிமண்ணில் முழு அளவு சிலை தயாராகி நின்றது. நல்ல உயரம், அதனால் சுற்றிலும் சாரம் கட்டியிருந்தது. அதைச் சிமெண்டில் வார்ப்பதற்கு முன்னால் பார்வையிட, மாதிரியைத் தேர்ந்தெடுத்த நகராட்சிக் குழு வந்தது: பொறியாளர், பெரிய டாக்டர், ஓவியம் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர். பெரிய மனிதர்களைத் தரையில் நிறுத்தலாமா? நகராட்சி ஆட்கள் சாரத்தின் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் நாற்காலியும் போட்டுவிட்டார்கள். மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். டீயும் மேலேயே போனது.

குழந்தையின் தலையை அத்தான் தாயின் கையிலிருந்து கொஞ்சம் வெளியே சாய்த்துச் செய்திருந்தார். அப்போதுதான் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பவளுக்கு முகம் தெரியும். மேலே உட்கார்ந்து குனிந்து பார்த்தவர்களுக்கோ குழந்தை நழுவி விழப்போவதாகத் தெரிந்தது. பிரசவத்துக்கு வருகிற பெண் இதைப் பார்த்தால் பயந்துவிடுவாள் என்றார் டாக்டர். முகத்தை உள்ளே திருப்பி மார்போடு சேர்த்துவிடுங்கள் என்றார் பொறியாளர். கீழேயிருந்து பார்த்தால் சரியாக இருக்கும் என்று பேராசிரியர் ஏதோ முனகினாராம். ஆனால் ஒருத்தரும் இறங்கவில்லை.

இது என் பெண்ணின் முகம் ஐயா, இதை அவள் அம்மா பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை. அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே, கேட்டிருக்க மாட்டார்களா? இவர் சொல்லவில்லை. வாலைத் திருப்பிப் பழகிய கை. மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவர்கள் கண் முன்னாலேயே குழந்தையின் தலையை உள்ளே திருப்பி, முகத்தை மார்பில் அழுத்தினார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். அவர் மட்டும் அதற்கப்புறம் வெகுநேரம் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார் என்றார் கொத்தனார்.

இதையெல்லாம் அவர் வீட்டில் மூச்சு விடவில்லை. திறப்பு விழாவுக்கு அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலுக்கு நேரே நின்று அண்ணாந்து பார்த்தாள். இடது பக்கம் போய்ப் பார்த்தாள், வலது பக்கம் போய்ப் பார்த்தாள். எங்கே நின்றாலும் ஒரு பின்மண்டையும் ஒரு காதும்தான் தெரிந்தன. ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, முகம் எங்க?" என்றாள்.

"திருப்பச் சொன்னாங்க. திருப்பிட்டேன்."

அக்கா குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கும் எனக்குக் காட்டாமதான் எடுத்துட்டுப் போனீங்க," என்றாள்.

நான் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றிருந்தேன். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு அக்காவை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் சிங்கமும் செய்யவில்லை, மீனும் செய்யவில்லை. வீட்டுப் பின்கட்டில் மண்ணைக் குழைத்து வைத்துக்கொண்டு குழந்தை முகமாகச் செய்வார், கொஞ்ச நேரம் பார்ப்பார், அடித்துக் குழைத்துவிடுவார். என்ன அத்தான் இது என்று ஒருநாள் கேட்டேன். கண்ணை மூடினால் இப்போது அந்தப் பின்மண்டைதான் வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது என்றார். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

கடைசியில் ஒன்றைக் காய வைத்து எடுத்துவந்து, இதுதான் என்று அக்காவின் கையில் கொடுத்தார். கன்னத்தில் குழி, உதட்டில் சிரிப்பு, காலண்டரில் வருமே அப்படி ஒரு குழந்தை. பிறந்த அன்றைக்கே போன சிசுவுக்கு ஏது சிரிப்பு? அக்கா அதை வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். அவர் அந்தண்டை போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். உனக்குக் கண் இல்லையா, இது பச்சைப் பொய் என்று தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரியும்டி," என்றாள் அக்கா. "அவர் குடுக்கும்போதே தெரியும். இருந்துட்டுப் போகட்டும். நினைச்சு அழறதுக்கு எனக்கு ஒரு முகம் வேணும்ல."