ஓரின் ஸ்கார் மூடிய மதகு

ஓரின் ஸ்காருக்கு அவசரம் என்பதே கிடையாது. பசு கன்று ஈன முடியாமல் கிடந்தாலும் கையுறையை விரல் விரலாக மாட்டிக்கொண்டுதான் வருவார். அவர் பண்ணையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த எனக்கு அதைப் பார்த்தே பாதி மண்டை நரைத்தது. அந்த மனிதர் ஒரே ஒருமுறை அவசரப்பட்டார்.

காரணம் எல்க் மான். எங்கள் மொன்டானா மலையில் கொம்பு பெருத்த ஆண் எல்க்கைச் சுடக் குலுக்கலில் பர்மிட் விழவேண்டும். ஓரினுக்குப் பதினான்கு வருடம் காத்திருந்து, அறுபத்து மூன்றாம் வயதில் விழுந்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இன்னொன்று விழும் காலத்தில் அவரால் மலையேற முடியாது.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின மாலை, பாசனம் முடிந்துவிட்டதால், ஓடையிலிருந்து புல்வெளிக்குப் பாயும் வாய்க்காலை அடைக்கப் போனார். அதன் மதகை நாங்கள் ஒரே மூச்சில் மூடமாட்டோம். தினம் கொஞ்சமாக ஒரு வாரம் இறக்குவோம். நீர் குறையக் குறைய, உள்ளே வந்த டிரவுட் மீன்கள் ஓடைக்குத் திரும்பிவிடும். தொண்டையில் சிவப்புக் கீறல் உள்ள மலை மீன்கள் அவை. அவற்றுக்காகவே, மாடுகள் ஓடையை மிதிக்காதபடி ஏழு வருடம் வேலி போட்டவர் ஓரின். அன்று மனசெல்லாம் மலையில் இருக்க, மதகை அடிவரை இறக்கிவிட்டார்.

விடியற்காலையில் குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தோம். அவர் மனைவி ஆர்டிஸ் வாய்க்கால் பக்கமிருந்து வந்தார்.

“மீனெல்லாம் சேத்துல துடிக்குது. மதகை மொத்தமா மூடினது யாரு?”

ஓரின் என்னைப் பார்த்தார்.

“என்னை ஏன் பாக்குறீங்க? நேத்து பூரா நான் பல் டாக்டர்கிட்ட வாயப் பொளந்துட்டுக் கெடந்தேன்.”

அவர் நொண்டிக்கொண்டே ஓடினார். மதகைத் திறக்கப் பார்த்தபோது துருப்பிடித்த திருகு முறிந்து கையோடு வந்தது. இனி வாளிதான்.

“நீ மலைக்குப் போ, நாங்க பாத்துக்கறோம்,” என்றார் ஆர்டிஸ். “பதினாலு வருஷம் காத்திருந்தியே.”

“ரெண்டு பேரு எத்தனை வாளி தூக்குவீங்க?”

ஓரின் திரும்பி வந்து குதிரையின் சேணத்தை அவிழ்த்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தை வாளிமேல் காட்டினேன்.

வெயில் ஏறும்போது முகட்டில் வேறு யாரோ சுட்ட இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. ஓரின் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். மதியத்துக்குள் நூற்றுக்கு மேல் மீன்களை ஓடையில் விட்டோம். வாய்க்காலில் தேங்கிய கடைசிக் குட்டையில் பெரிய மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஓரின் அதை ஓடைக்கு எடுத்துப்போய், நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்தபடி மண்டியிட்டார்.

“விட்டுடுப்பா. அது போயிடுச்சு,” என்றார் ஆர்டிஸ்.

“செவுள் அசையுது. சும்மா இரு.”

கால்மணி நேரம் கழித்து அது வாலால் அவர் மணிக்கட்டில் ஓர் அடி கொடுத்துவிட்டு ஓடியது.

எல்க் கிடைக்கவில்லை. முதல் நாள் வெடிச்சத்தத்திலேயே எல்க் கூட்டம் மலையின் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஐந்து வாரம் ஏறி இறங்கி முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

அடுத்த ஜூன் மாதம், ஓடையின் சரளைக்கல்லில் முட்டையிட வந்த மீன்களை ஓரின் கரையில் குப்புறப் படுத்து எண்ணினார். போன வருடம் ஒன்பது. இப்போது முப்பத்தொன்று. எண்ணி முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.