ஏணியின் மேல் தைத்த பாம்பு

அந்தத் துணியை விரித்ததும் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. இத்தனை வருஷம் கழித்தும் போகவில்லை. ஒருவேளை வாசம் துணியில் இல்லாமல் என் நினைப்பில்தான் இருக்கிறதோ என்னவோ. படுக்கை விரிப்பு அகலத்துக்குக் காடாத் துணி, அதில் கட்டம் கட்டமாகப் பெயிண்டில் வரைந்த பாம்புகளும் ஏணிகளும். மேல் வரிசையை ஒட்டிய ஒரு கட்டத்தில் மட்டும் என் அம்மாவின் பச்சை ஜாக்கெட் துணியில் ஒரு துண்டு, ஒரே ஓரத்தில் தைக்கப்பட்டு, புத்தகப் பக்கம் மாதிரிப் புரளும். தூக்கினால் ஏணி, மூடினால் பாம்பு. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுப் பரணிலிருந்து அதை இழுத்துப் போட்டது அவன் மகள். "அத்தே, இன்னா இது? ஏணி மேல பாம்பத் தச்சி வச்சிக்கீறாங்க?" என்றாள்.

அதைக் கொண்டுவந்தவரை நாங்கள் பாம்பு டீச்சர் என்போம். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டு மூலமாகச் சுகாதாரம் சொல்லித்தர ஏதோ ஒரு தொண்டு அமைப்பு அனுப்பியவர். தொண்ணூறுகள் முடியப்போகிற காலம் அது. எர்ணாவூரை ஒட்டிய எங்கள் குப்பத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே புகைபோக்கிகள், இரண்டுக்கும் நடுவில் நாங்கள். சனிக்கிழமை மதியம் டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி, வலை காயும் மணலில் துணியை விரித்து, நாலு மூலையிலும் எங்கள் செருப்புகளைப் பாரம் வைப்பார். அவருக்குப் பாம்பு வரைய வராது. "டீச்சர், இது பாம்பா, வாளை மீனா?" என்று நாங்கள் கேட்டால், எங்களைவிட அவர்தான் அதிகம் சிரிப்பார். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் ஏணி. குப்பையைக் கொளுத்தினால் பாம்பு. எல்லாவற்றிலும் நீளமான ஏணி, 'ஜன்னலைத் திறந்து வை' என்ற கட்டத்தில் இருந்தது. அதில் கால் வைத்தவர்கள் கிட்டத்தட்டப் பழம் எடுத்த மாதிரிதான்.

என் தம்பிக்கு இழுப்பு உண்டு. ஓடி ஆட முடியாத பிள்ளை என்பதால் உட்கார்ந்து ஆடுகிற அந்த ஆட்டம் அவனுக்கு உயிர். அந்த நீள ஏணியில் ஏறின நாளெல்லாம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ராஜா தோற்றார்! அந்த சந்தோஷத்தில்தான் ஒரு சாயங்காலம், அம்மா மீன் விற்றுத் திரும்பும் முன்னால், டிரங்குப் பெட்டி மேல் ஏறி மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறான். அன்றைக்கு மேலைக்காற்று. அப்பா அதைக் கச்சான் என்பார். கச்சான் அடித்தால் புகைபோக்கிகளின் மூச்செல்லாம் எங்கள் வீட்டுக்குள் வரும். அம்மா வந்தபோது தம்பியின் உதடு நீலமாக இருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடிய அம்மாவின் பின்னால், கழற்றி எறிந்த அவளுடைய செருப்புகளை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். ஆஸ்பத்திரியில் மூக்கில் புகை மருந்து பிடித்தார்கள். அவன் பிழைத்தான். மறுநாள் அம்மா அந்த ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வந்ததும் அம்மா எங்கள் வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "இன்னா டீச்சர்ம்மா, ஏணின்னு போட்டு எம் புள்ளையப் பாம்பு வாய்ல தள்ளிட்டியே!" டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பெயிண்டை எடுத்து அந்த ஏணியை அழிக்கப் போனார். அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து தம்பியின் இருமல் கேட்டது. ஜன்னல் மூடிய ஒற்றை அறை, மண்ணெண்ணெய் ஸ்டவ், அதில் குழம்பு. திறந்தாலும் இழுப்பு, மூடினாலும் இழுப்பு. தம்பி பாயில் உட்கார்ந்தபடியே, "ரெண்டுமே பாம்புன்னா நான் எங்கதான் கால வக்கிறது?" என்று கேட்டான்.  

கடலுக்குக் கிளம்பும் முன் அப்பாவுக்கு ஒரு பழக்கம். வாசலில் ஒரு பிடி மணலை அள்ளி, விரல் இடுக்கில் மெல்ல விடுவார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை வைத்துக் காற்றைப் பார்ப்பார். எங்கள் குப்பத்தில் எல்லா ஆண்களும் செய்வதுதான். அது படகுக்கான காரியம், வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. அன்றைக்கும் அப்பா அதைச் செய்தார். டீச்சர் கையில் பிரஷ்ஷோடு, அந்த மணல் விழுவதையே கனவில் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்ப எங்கேர்ந்து அடிக்குதுங்க?" என்றார். "கொண்டல்மா. கடல்லேர்ந்து வருது. சுத்தமான காத்து," என்றார் அப்பா.

அன்று ஏணி அழியவில்லை. அம்மா முறைத்துக்கொண்டே பழைய ஜாக்கெட்டை வெட்டிக் கொடுத்தாள், டீச்சர் அதில் ஒரு பாம்பு வரைந்தார், அம்மாவே தைத்தாள். அதற்குப் பிறகு பகடை உருட்டும் முன் யாராவது ஒருவர் வெளியே போய் மணல் விட்டுப் பார்த்து வரவேண்டும். கச்சான் என்றால் துண்டை மூடு, பாம்பு; கொண்டல் என்றால் துண்டைத் தூக்கு, ஏணி. ஒரு மாதத்தில் குப்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஆட்டம் இல்லாதபோதும் மணலை விட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். அம்மா ஆணியைப் பிடுங்கினாள். புகைபோக்கிகள் என்னவோ அப்படியேதான் நின்றன. வேலை முடிந்து டீச்சர் போகும்போது துணியைத் தம்பியிடமே கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் அவரை நாங்கள் பார்க்கவில்லை. பாம்பு வரைய இன்னமும் பழகியிருக்க மாட்டார்.

ஆனால் ஒன்று. காற்றை எல்லோரையும்விடச் சரியாகச் சொன்ன என் தம்பி, அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு ஜன்னலையும் தன் கையால் திறந்ததில்லை. "கொண்டல்தான், நீ தொற" என்பான் என்னிடம். நான் கல்யாணமாகி மாதவரம் போன பிறகு அம்மாவிடம் சொன்னான், அப்புறம் பெண்டாட்டியிடம். நாங்கள் யாரும் அதைப் பேசியதில்லை.

இப்போது அவன் இருப்பது எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடி. அங்கே மணலுக்கு எங்கே போவது? கதையைக் கேட்டு முடித்த அவன் மகள், சமையலறையிலிருந்து ஒரு பிடி கோலமாவை அள்ளிக்கொண்டு கடலைப் பார்த்த பால்கனிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது புருவம், மூக்கு, தலைமுடியெல்லாம் வெள்ளை. "நைனா, மூஞ்சிலயே அடிச்சிது!"

நான் குனிந்து பச்சைத் துண்டைத் தூக்கினேன். வாளை மீன் மறைந்து ஏணி வந்தது. "நான் தொறக்கட்டா நைனா?" என்று அவள் ஜன்னல் பக்கம் போனாள்.

"இரு," என்றான் தம்பி. எழுந்து, மகளின் நெற்றியிலிருந்த மாவை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு அவனே போய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.